இடுப்பில் பிள்ளை இருந்தால் பத்து வயது

நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் பென்சில் ஒன்று அந்த நாளில் உண்டு. அதன் கசப்பு இரும்பை நக்கியது போன்ற கசப்பு. களி தின்று மோர் குடித்தாலும் போகாது. உதட்டிலும் விரல் நுனியிலும் ஊதா ஒட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து திரும்பும் என்னைப் பார்த்து, "நாவப்பழம் எங்கடி கெடைச்சுது?" என்று அம்மா கேட்பாள். ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் மாசி மாதத்தில் பதினைந்து நாள் என் நாக்கு ஊதாவாகவே இருந்தது. எங்கள் பள்ளி நடத்தவிருந்த மூத்தோர் விழாவுக்குப் பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது; யாரும் ரப்பர் வைத்து அழித்து மாற்றிவிடக் கூடாது என்று தலைமை ஆசிரியர் தம் மேசையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்துக் கொடுத்திருந்தார்.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் நடுவே பாறைக் கரடுகளை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. தலைமை ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊர் அவரைப் "பெரிய வாத்தியார்" என்று அழைத்தது. ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு முறையும் அரூரிலிருந்து யாராவது ஓர் அதிகாரி வருவார், மாலை போட்டுக்கொள்வார், ஒழுக்கம் பற்றிக் கொஞ்சம் பேசுவார், கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துவிடுவார். அந்த ஆண்டு பெரிய வாத்தியாருக்கு இது சலித்துப்போனது. வெளியூர்க்காரருக்கு எதற்கு மாலை, பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளையே மேடையில் உட்கார வைப்போம், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லட்டும், மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். அதோடு நிற்காமல், "நிலம், சாதி, பதவி எதுவும் பார்க்கப்படாது, வயசு மூத்தவருக்கு முதல் நாற்காலி" என்றும் சொல்லிவிட்டார். எந்தக் காரியமானாலும் முதல் நாற்காலி மணியக்காரருக்கு என்று பழகிப்போன ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் யாருக்கும் வயது தெரியவில்லை. கேட்டால், "அது கெடக்குது, அறுவதோ எழுவதோ" என்பார்கள். ஒருவர் சென்ற ஆண்டும் எழுபது, இந்த ஆண்டும் எழுபது. நானும் என் தோழி ஜமீலாவும் மூன்று நாள் அலைந்துவிட்டு வெறும் தாளோடு திரும்பினோம். அப்போதுதான் பெரிய வாத்தியாருக்குச் "சின்ன ரயில்" நினைவு வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் குறுகிய பாதையில் ஒரு குட்டி ரயில் ஓடியது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் ஆடு மேயும் மண்மேடுதான். அந்த ரயில் முதன்முதலாக வந்து சரியாக அறுபது ஆண்டுகள் என்று அவர் தாலுகா ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்தார். "வயசைக் கேட்காதே. ரயில் வந்த அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேளு" என்றார்.

இது எனக்குப் பிடித்துவிட்டது. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். நானும் ஜமீலாவும் ஓர் அட்டவணை தயாரித்தோம். யாரோ இடுப்பில் தூக்கிவைத்திருந்தார்கள் என்றால் நான்கு வயது, ஆட்டுக்குட்டி மேய்த்தேன் என்றால் ஏழு, மணலில் அரிச்சுவடி எழுதினேன் என்றால் எட்டு, பெண்பிள்ளை இடுப்பில் இன்னொரு பிள்ளையைச் சுமந்திருந்தால் பத்து, ஏர் பிடித்தேன் என்றால் பதினைந்து, மீசை இருந்தது என்றால் இருபது. அதோடு அறுபதைக் கூட்டினால் இன்றைய வயது. மணியக்காரர் மணலில் எழுதிக்கொண்டிருந்தாராம், அறுபத்தெட்டு. துணிமூட்டை சுமந்து ஊர் ஊராக விற்ற ஜமீலாவின் தாத்தா காதர் பாய்க்கு அப்போதே தாடி இருந்ததாம். தாடி எங்கள் அட்டவணையில் இல்லாததால் மீசைக்கு மேல் இரண்டு சேர்த்து எண்பத்திரண்டு போட்டோம். முதல் நாற்காலி அவருக்கு வந்தது.

எங்கள் வீட்டில் தாத்தா மாரப்பனிடம் கேட்டேன். "நான் குட்டிப் பையன். யாரோ இடுப்புல வெச்சிருந்தாங்க. அது கூவுச்சு, நான் கத்தினேன். அவ்ளோதான் ஞாபகம்" என்றார். அறுபத்து நான்கு என்று எழுதிக்கொண்டு, முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் போனேன்; பாட்டியை எங்கள் பக்கம் ஆயா என்போம். ஆயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய கதை எதைச் சொன்னாலும், "எங்கம்மா சொல்லக் கேட்டது" என்று முடிப்பாள். அன்று அதை முதலில் மறந்துவிட்டாள்.

"அத ஏன் கேக்கற பாப்பா! ஊரே மேட்டுல ஏறி நிக்குது. நான் இடுப்புல ஒரு பயல வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி நிக்கறேன். கூன்னு கூவுச்சு பாரு, அந்தப் பய அலறுன அலறல்ல எம் பாவாடையெல்லாம் நனைச்சிட்டான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகுதான், "எங்கம்மா சொல்லக் கேட்டது" என்று சேர்த்தாள். அதற்குள் நான் எழுபது என்று எழுதிவிட்டேன். இரண்டு பதிலையும் ஒரே தாளில் எழுதியும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கூட்டல் சரியாக இருந்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டினார்கள். இருபத்திரண்டு பேர். ஏழாவது: காவேரியம்மாள், க/பெ மாரப்பன், எழுபது. எட்டாவது மணியக்காரர். பதின்மூன்றாவது மாரப்பன், அறுபத்து நான்கு. எட்டாவது இடத்தில் தம் பெயரைக் கண்ட மணியக்காரர், பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்துவிட்டு, கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "என்னாங்க பெரிய வாத்தியாரே, மாரப்பன் பொண்டாட்டி மாரப்பனுக்கு ஆறு வயசு மூப்பாம். புருசன் பொண்டாட்டிய மாத்தி எழுதற கணக்கு இது. இத நம்பி நான் எட்டாவதா ஒக்காரணுமாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் என்னவென்று புரியாமல் கொஞ்சம் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் ஆயா கிணற்றடியிலிருந்து வெறும் குடத்தோடு திரும்பினாள். "என்னாக்கா, மாமனத் தாலாட்டுப் பாடித்தான் வளத்தியாமே?" என்று அங்கே ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆயா குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "எழுத்துக் கத்துக்கிட்டு எந்தலையிலயே எழுதிட்டியேடி" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாதான் எனக்கு விளக்கினாள். ஆயாவின் அம்மா தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அந்த வீட்டில் பிறந்த மாமன் மகன்தான் தாத்தா. முறைப் பையன் இருக்கும்போது வெளியே கொடுக்கக் கூடாது என்று பையன் வளரும்வரை பெண்ணைக் காக்க வைத்தார்கள். கல்யாணத்தன்று மாமியார் காதில் ஓதினாள்: யார் கேட்டாலும் அவனுக்கு ரெண்டு வயசு எளையவள்னு சொல்லு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயா அப்படியே சொல்லிவந்தாள். உண்மை தெரிந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேர் வாய் திறக்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததையெல்லாம் ஏன் அம்மா சொல்லக் கேட்டதாக அவள் மாற்றிக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பெரிய வாத்தியாரிடம் போய், ஆயா வயதையும் தாத்தா வயதையும் மாற்றி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கூட்டினதுல தப்பா?"

"இல்லீங்க சார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "உங்க ஆயா. நீ மாத்தணும்னா மாத்து, நான் கேட்கமாட்டேன். ஆனா ஒரு வரி மாறினா பட்டியலே தப்புன்னு மணியக்காரர் சொல்லுவார். அப்புறம் காதர் தாத்தாவுக்கும் முதல் நாற்காலி இருக்காது, அதையும் யோசிச்சுக்கோ."

தாளை எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் தனியாக உட்கார்ந்தேன். பென்சிலை நாக்கில் தொடுவதும் எடுப்பதுமாக ஒரு பாடவேளை போனது. ஆயாவின் முகம் நினைவுக்கு வந்தால் எழுதலாம் போல இருந்தது; விழாவுக்கென்று காதர் பாய் தாத்தாவின் சட்டைக்கு ஜமீலா தானே பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் கை நின்றது. வெறும் தாளையே திருப்பிக் கொடுத்தேன். நான் செய்தது சரி என்று அப்போது தோன்றவில்லை. இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் நடந்தபோது தாத்தா ஊரில் இல்லை. அரூர்ச் சந்தைக்குப் புளி ஏற்றிக்கொண்டு போனவர் விழா அன்று காலையில்தான் திரும்பினார். பஸ் நிறுத்தத்திலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். "உங்காயா எத்தினாவது?" என்று கேட்டார். ஏழு என்றேன். "நானு?" பதின்மூன்று என்றேன். வேறெதுவும் கேட்காமல் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். ஆயா முழங்கால் வலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பள்ளி நாற்காலிகள் ஒன்பதுதான். பத்திலிருந்து டீக்கடை பெஞ்சுகள். ஏழாவது நாற்காலி காலியாக இருந்தது. எட்டாவதற்கு எதிரே மணியக்காரர் துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார்; "மொதல்ல அந்த ஏழாவது என்னான்னு நேர் பண்ணுங்க, அப்புறம் நான் ஒக்காரறேன்" என்று சொல்லியிருந்தார். காதர் பாய் தாத்தா முதல் மாலையை வாங்கிக்கொண்டு, ஒரு நூலை உருவிக் கொளுத்தி, அதன் வாசனையை வைத்துப் பருத்தியா கலப்பா என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். இன்னொருவர் நிலக்கடலைச் செடியைப் பிடுங்காமலே காய் முற்றியதை அறிவது எப்படி என்றார். நாங்கள் எழுதிக்கொண்டே வந்தோம். பெரிய வாத்தியார் ஏழாவது பெயரைப் படித்தார். யாரும் வரவில்லை. பின்பக்கம் சிரிப்பு கிளம்பியது.

பதின்மூன்றாவது இடத்திலிருந்து தாத்தா எழுந்து வந்தார்.

"பட்டியல்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க. எம் பேத்தி கேட்டப்ப யாரோ இடுப்புல வெச்சிருந்தாங்கன்னேன். யாரோ இல்லீங்க, இவதான். எங்கத்த மவ. எனக்கு ஆறு வயசு மூப்பு. அவ ஒரு பொய்யச் சொன்னா. நான் அதக் கேட்டுக்கிட்டு இத்தினி வருசம் கம்முனு இருந்தேன். அது யாரு தப்புங்க?" கூட்டம் அமைதியானது. தாத்தாவுக்கு அந்த அமைதி பிடித்துப்போய்விட்டது போலும், மேலே தொடர்ந்தார். "எனக்கு மூக்கு சிந்தி வுட்டதே அவதான். நடக்கப் பழக்குனதும் அவதான். ஒரு நாளு ராகிக் கொல்லையில நான் கோவணத்த வுட்டுட்டு..."

"போதும் எறங்குங்க!" என்று சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்து ஒரு குரல். "வெக்கங்கெட்ட மனுசன்! புள்ளைங்க முன்னாடி என்னா பேச்சு இது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சுவரை ஒட்டி நின்ற பெண்களுக்கு நடுவே, வீட்டில் உடுத்தும் பழைய புடவையோடு ஆயா நின்றிருந்தாள்.

"நீ வந்து ஒக்காந்தாத்தான் எறங்குவேன்" என்றார் தாத்தா.

"வர்றேன், வாய மூடுங்க மொதல்ல."

முழங்கால் வலியெல்லாம் இல்லாமல் விறுவிறுவென்று வந்து ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை கிளம்பிய சிரிப்பு வாசலில் கேட்ட சிரிப்பு அல்ல. மணியக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டால் எட்டாவது நாற்காலியைத் தட்டிவிட்டு, "செரி, அக்கா பக்கத்துல தம்பி ஒக்காந்தா கொறஞ்சா போயிடும்?" என்றபடி உட்கார்ந்தார்.

பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று பெரிய வாத்தியார் கேட்டபோது ஆயா எழுந்து நின்று, "சின்ன ரயில நான் எங்கண்ணாலயே பாத்தேன். யாரும் சொல்லிக் கேட்டதில்ல" என்று ஆரம்பித்தாள். புகை எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் யார் ஓடினார்கள், ஓட்டியவன் எப்படிக் கையசைத்தான் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பக்கம் போதவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கதையையும் அவள் தன் அம்மாமேல் போடவில்லை. தாத்தாவோடு மட்டும் எட்டு நாள் பேசவில்லை. தட்டு அவர் முன்னால் "டங்"கென்று விழும். "உங்க தாத்தனத் திங்கச் சொல்லு" என்று என்னிடம் உத்தரவு வரும்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நான் பாலிடெக்னிக் முடித்துச் சேலத்தில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். பெரிய வாத்தியார் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் மறுபடி அதிகாரிகளையே அழைத்தார்கள். ரயில் மேட்டு மண்ணை வீடு கட்ட வெட்டிக்கொண்டு போய், இப்போது அங்கே பள்ளம்தான் இருக்கிறது. வாசலில் ஒட்டிய பட்டியல் அடுத்த வெள்ளையடிப்பிலேயே போய்விட்டது. ஊரில் இப்போது எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த தேதி உண்டு. யாரும் யாரிடமும் அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த இருபத்திரண்டு பேரில் இன்று மிச்சம் இருப்பது ஆயா ஒருத்திதான்.

தாத்தா போன ஐப்பசியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பின், நான் சேலத்துக்குக் கிளம்பப் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆயா கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்கணக்குப்படி எனக்கு இப்ப எத்தினி?"

"எண்பத்திரண்டு ஆயா."

"அவுருக்கு?"

"எழுபத்தாறு."

ஆயா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நான் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று சரிபார்ப்பவள் போல மறுபடியும் ஒருமுறை மடக்கினாள்.

"எழுவத்தாறுதானா?" என்றாள். "சாவுற வயசாடி அது? சின்னப் புள்ள."