மூன்றாவது கேபிள் பீரோவுக்கு

புளி உலுக்கும் பருவத்தில் ஜவ்வாது மலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். யாராவது மரத்திலிருந்து விழுந்திருப்பார்கள். அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. நான் இருப்பதோ கீழே, போளூரில்.

"சார், வெள்ளையன்னு ஒர்த்தரு வுழுந்துட்டாரு. கழுத்தத் திருப்ப முடியல. எக்ஸ்ரே எடுத்தாச்சு, படம் சர்வர்ல ஏறவே மாட்டேங்குது" என்றார் நர்ஸ் செல்வராணி.

சர்வரில் ஏறினால்தான் வேலூரில் இருக்கும் எலும்பு டாக்டர் அதைப் பார்க்க முடியும். அவர் சொல்லாமல் ஆளை அசைக்கக் கூடாது. மலைப்பாதை வளைவுகளில் வண்டி குலுங்கி நரம்பு நசுங்கினால் கைகால் போய்விடும். செல்போனில் பிடித்து அனுப்பிய படம் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

என்னால் நம்பவே முடியவில்லை. அந்த சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்து பாண்டிங் செய்திருந்தேன். ஓ.பி. நேரத்தில் எல்லா அறையும் ஒரே சமயத்தில் படம் கேட்கும்; சுமையை இரண்டு கேபிளும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றது இழுக்கும். இரண்டும் சேர்ந்து எப்படிச் சாகும்?

"சர்வர் பின்னாடி ரெண்டு கேபிள் இருக்குமே, லைட் எரியுதா பாருங்க சிஸ்டர்."

"ஒண்ணுதான சார் இருக்குது. லைட் இல்ல. எலி கடிச்சு கம்பி தெரியுது."

"இன்னொண்ணு இன்னா ஆச்சு?"

"நான்தான் கழட்டி வச்சேன். ஒண்ணுலயே வேலை நடந்துச்சு. ரெண்டும் எதுக்கு வீணா தேயணும்னு..."

கேபிள் தேயுமா! எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் வழக்கமே அதுதான். பஸ் குறைவு, மாற்றுப் பொருள் வர நாளாகும். எது இரண்டு இருந்தாலும் ஒன்று பீரோவுக்குப் போய்விடும். டார்ச் போயிருக்கிறது, பி.பி. மெஷின் போயிருக்கிறது, இப்போது என் கேபிளும்.

"பத்திரமா இருக்குது சார். கவர்ல சுத்தி, பூச்சி உருண்டை போட்டு வச்சிருக்கேன்."

திட்ட வாயெடுத்தவன் அடங்கிப்போனேன். இரண்டையும் ஒரே பைப்பில் விட்ட புத்திசாலி நான்தானே. அவர் கழற்றாமல் இருந்திருந்தால் எலி இரண்டையும் ருசி பார்த்திருக்கும்.

"சீக்கிரம் எடுத்துட்டு வாங்க. பைப்பு வேணாம், ஜன்னல் வழியா பக்கத்து ரூம் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிக்கு இழுத்து சொருகுங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

"லைட் வந்துடுச்சு சார்! படம் போவுது!"

பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே சாமி பெயரைச் சொன்னது கேட்டது. வெள்ளையனின் மனைவி.

கழுத்தெலும்பில் முறிவு. அசையாமல் கட்டி, பலகையில் கிடத்தி, மலையை விட்டு மெதுவாக இறக்கச் சொன்னார் டாக்டர். சில மாதம் கழித்து வெள்ளையன் தன் காலாலேயே நடந்து வீடு போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாண்டிங்கில் ஒன்று போனால் வெளியே தெரியாது. எனக்கும் போளூரில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு கேபிளின் லைட்டையும் தனித்தனியே பாருங்கள். இரண்டையும் ஒரே வழியில் விடாதீர்கள். நான் இப்போது எங்கே பாண்டிங் செய்தாலும் மூன்று கேபிள் வாங்குகிறேன். இரண்டு சர்வருக்கு, ஒன்று அங்கிருக்கும் சிஸ்டரின் பீரோவுக்கு.