கட்டம் மாறிய பெயர்

போன ஆவணியில் மகள் எங்களை ரியூனியன் தீவுக்குக் கூப்பிட்டிருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. பாரிசிலிருந்து பதினொரு மணித்தியாலம் பறந்து, சமுத்திரத்தின் நடுவில் இறங்கினால், அதுவும் பிரான்ஸ்தானாம். ஒரு நாள் பழைய கரும்புத் தோட்டம் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனாள். திறந்த வெளியில் ஒரு மியூசியம். குடியேறி வந்த வெள்ளைக்கார முதலாளியின் வீடு, கரும்பு பிழிந்த ஆலை, அதற்கு அங்கால் கூலிகளாக வந்தவர்களின் குடிசைகள். குடிசைக்குள் குனிந்துதான் போகவேண்டும். நான் குனியாமல் போய் நெற்றியில் வாங்கிக்கொண்டேன்.

சுற்றிக் காட்டிய பெண்ணின் சட்டையில் 'மதாம் முத்து' என்று இருந்தது. "தமிழோ?" என்று ஆசையாகக் கேட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சில் சொன்னாள்: முத்து என்பது கப்பலில் வந்த அவளுடைய பூட்டனின் சொந்தப் பெயர். பதிந்தவர் அதைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதிவிட்டார். பூட்டனின் தகப்பன் பெயர் என்னவென்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

"கவனமில்லாமல் யார் இப்படி எழுதுவார்கள்?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

நான் வெளியே வந்து மரத்தடியில் இருந்துவிட்டேன். வெயில் பிடித்துவிட்டதென்று மனைவி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். எழுதியவன் எப்படிப்பட்டவனாக இருந்திருப்பான் என்று எனக்குத் தெரியும், நண்பரே. நானும் எழுதியவன்தான்.

பாரிசுக்கு வந்த புதிதில் மத்தியானமும் இரவும் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். இரண்டுக்கும் இடைப்பட்ட பின்னேரத்தில் லா சப்பலில் ஒரு டெலிபோன் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எட்டு மாத பிரெஞ்சு வகுப்புத்தான் என் படிப்பு. ஆனாலும் டை கட்டுவேன். கையில் சவர்க்கார மணம், கழுத்தில் டை. "அப்புக்காத்து வந்திட்டாரோ?" என்று வாசலில் கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வக்கீலுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர்.

யோகம் அங்கேதான் வந்தாள். வன்னியிலிருந்து வந்தவள். புருஷன் ஷெல்லடியில் போய்விட்டார். ஏழு வயது மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அகதி அட்டை கிடைத்த கையோடு மகளைக் கூப்பிட எழுதவேண்டும் என்றாள்.

"அண்ணை, வடிவாப் பாத்து எழுதுங்கோ. எனக்கு இவள் ஒருத்திதான்."

அன்று ஆறு பேர் வரிசையில். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தாயின் பெயரைப் புருஷன் பெயரோடு சரியாக எழுதினேன். மகளுடையதில், குடும்பப் பெயருக்கான 'நோம்' கட்டத்தில் போகவேண்டிய தகப்பன் பெயர், சொந்தப் பெயருக்கான 'பிரெநோம்' கட்டத்துக்குப் போய்விட்டது. பிள்ளையின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. தாய் ஒரு குடும்பம், மகள் வேறு குடும்பம்.

எட்டு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. கூட வந்த படிவப் பிரதியைப் பார்த்தவுடன் என் கையெழுத்து முகத்தில் அறைந்தது. யோகம் எதிரே இருந்தாள்.

"என்னவாம் அண்ணை?"

"உவங்கள் உப்பிடித்தான்," என்றேன். "பிரெஞ்சுக்காரன்ரை குணம்."

திருத்துவதற்கு ஊரிலிருந்து பத்திரங்கள் வரவேண்டும். சண்டையால் வன்னிக்குப் பாதை பூட்டியிருந்த காலம். டெலிபோனும் இல்லை. எல்லாம் முடிந்து பிள்ளை வந்து இறங்கியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. யோகம் லட்டுக் கொண்டுவந்தாள். "நீங்கள் இல்லாட்டி நடந்திருக்காது அண்ணை" என்றாள். சாப்பிட்டேன். இரண்டு.

தீவிலிருந்து திரும்பிய கிழமையே லெ பிளாங்-மெனிலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். பல வருடங்களாகப் பார்க்கவில்லை. தேத்தண்ணி வைத்தாள். குடிக்காமல், கட்டம் மாறிய கதையைச் சொல்லி முடித்தேன்.

"ஓம். எனக்குத் தெரியும்," என்றாள். "பிறகு நான் போய்ப் பாத்த அவொக்கா, பிரெஞ்சு அப்புக்காத்து, படிவத்தைக் காட்டினவர்."

"அப்ப ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா அடுத்த படிவத்தை ஆர் எழுதித் தாறது? அவொக்காவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வேறை ஆரைத் தெரியும்?"

கோப்பையை என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "கோவம் இல்லையெண்டு சொல்லமாட்டன் அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

அந்த டெலிபோன் கடை இப்போது நகைக்கடை. அந்தப் படிவங்களை இப்போது ஒருவரும் கையால் எழுதுவதில்லை. போனால் போகட்டும். ஆனால் யோகம் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்றில் முன்பல் விழுந்த ஏழு வயதுப் பிள்ளை. மற்றதில், விமான நிலையத்தில், தாயின் உயரத்துக்கு நிற்கிற பெட்டை. நடுவில் எடுத்த படங்களெல்லாம் அக்காவிடம் இருந்தனவாம். கடைசிச் சண்டையில் படங்களும் போய்விட்டன, அக்காவும் போய்விட்டாள்.

"இவள் பெரியபிள்ளையானதுக்கு ஒரு மரத்துக்குக் கீழை வைச்சுத் தண்ணி வாத்ததாம்," என்றாள் யோகம். "என்ன மரமெண்டும் இவளுக்கு ஞாபகமில்லை."

படம் இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் வெறும் சுவர். அந்த ஆறு வருடத்துப் பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இன்று ஒருவரும் இல்லை.