மாடியில் மூன்று குழி

என்னுடைய முதல் விசிட்டிங் கார்டில், பெயருக்குக் கீழே ‘ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அதை அச்சடித்த கடைக்காரர்தான். மற்ற எல்லோருக்கும் நான் புரோக்கர். என் வீட்டுக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜொலிக்குது, முகூர்த்தம் எப்ப?” என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறவர், நக்கல் அவரோடு கூடப் பிறந்தது.

அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தேன். ஃபீஸ் கட்ட வந்த ஒரு அம்மாவை மேனேஜர் எல்லோர் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டினார். நான் அவரிடம் நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்டேன். மறுநாளிலிருந்து வீட்டில் இருந்தேன். வாயால் வேலையை இழந்தவளுக்கு வாயால் பிழைக்கிற தொழில்தான் சரி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு ஆள் பழக்கம்தான் மூலதனம் என்றார்கள். பழகினேன். பூக்கடையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு என்று கார்டு கொடுத்தேன். ஒரு பந்தியில் ஒருவர் என் கார்டை மடித்துப் பல் குத்தினார். அவருக்கு இன்னொரு கார்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடைதான் புரோக்கர்களின் ஆபீஸ். “வாம்மா, உக்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். டீயும் சொல்வார்கள். ஆனால் யாராவது ‘ஒரு பார்ட்டி இருக்குது’ என்று தொடங்கினால் எல்லாக் குரலும் தணிந்துவிடும். வீடு தேடி வருகிறவர்களுக்கு இங்கே பார்ட்டி என்று பெயர். எனக்கு டீ கிடைத்தது, பார்ட்டி கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் தினம் போய் உட்கார்ந்தேன்.

என் பையில் ஒரே ஒரு சாவி இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தரைத்தள வீடு. வீட்டுக்கார அம்மா சென்னையில் மகனோடு இருந்தார். கோயிலுக்கு வந்த இடத்தில் என்னோடு பேச்சுக் கொடுத்து, “கம்பெனி ஆளுங்களா பாத்துக் குடும்மா, அதுக்குத்தான் டைல்ஸ் போட்டிருக்கேன்” என்று சாவியைக் கொடுத்தார். நீளமான கூடம், வெள்ளை டைல்ஸ். நானும் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ‘பளபளக்கும் டைல்ஸ்’ என்று படம் போட்டேன். கம்பெனி ஆட்கள் வந்தார்கள், டைல்ஸைப் பாராட்டினார்கள். பைக் நிறுத்த இடம் எங்கே, பாத்ரூம் ஏன் கொல்லையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பல மாதங்களாக அந்த வீடு பூட்டியே கிடந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் போன் வந்தது. வயதான ஆண் குரல். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“வீடு புரோக்கராமா? வாடகைக்கு ஒண்ணு வேணும். மூணு குழி இருக்கணும்.”

நான் பிறந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தாமல் கிராமத்தில். எங்கள் ஊரில் இப்போது எல்லோரும் சென்ட் கணக்கில் பேசினாலும், என் அப்பாவுக்கு நிலம் என்றால் இன்னும் குழிக் கணக்குதான். ஒரு குழி என்பது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, அதாவது ஒரு அறை அளவு. மூன்று குழி என்றால் மூன்று சின்ன அறை. பாவம், சின்னக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்தேன். “இருக்குதுங்க, கச்சிதமா மூணு குழி இருக்குது” என்று அடித்துச் சொன்னேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது எனக்குத் தெரியும்.

போனில் பேசியவர் ஒரு நெசவாளர். தன் மனைவியோடு வந்தார். இரண்டு பேருக்கும் முட்டி வலி. கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து, மூன்று அறையையும் சுற்றிப் பார்த்தார்கள். அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

“குழி எங்கமா?”

“இதாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அறைகளைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “தறிக்குழிமா. கால் உட்டுக்கினு மிதிக்கிற குழி. மாடியில தோண்டினா என் காலு கீழ் வீட்டுக்காரன் தலைமேல இல்ல தொங்கும்?” என்றார்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நெசவாளர்கள் வீட்டைக் குழியால்தான் சொல்வார்கள். ஒரு குழிக்கு ஒரு தறி. இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிற எனக்கு அது தெரியாததல்ல. தொழிலுக்குப் புதிதாக வந்தவள் காதில் எல்லாமே நிலமாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு முகம் சுட்டது. பிறகு என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். மகன் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். மருமகள் ஆரணிப் பெண், நன்றாக நெய்பவள். இவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டே குழி. மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. எனக்கென்று ஒரு தறி போடுங்கள், வந்துவிடுகிறேன் என்று அவள் அம்மா வீட்டிலேயே நெய்துகொண்டிருக்கிறாள். மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆரணிக்குப் பஸ் ஏறுகிறான்.

“அவ கேக்குறதுல தப்பு இல்லமா. நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் அதைத்தான் கேட்டேன்” என்றார் அந்த அம்மா. “ஆனா எம்புள்ளைக்கு வாரத்துல ஒரு நாள்தான் குடும்பம்.”

“சீக்கிரம் பாரும்மா. தறியில இருக்குற பாவு முடியப் போவுது” என்றார் அவர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பட்டு இழை. அது நெய்து தீர்ந்தால்தான் தறியைக் கழற்ற முடியும், வீடு மாற முடியும். அடுத்த பாவை ஏற்றிவிட்டால் மறுபடி அது தீரும்வரை அசைய முடியாது.

அந்தப் பையன் பஸ் ஏறுவது என் மனதில் தைத்துவிட்டது. எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

மாடிக்கதை எனக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. “வாங்க குழியம்மா! மொட்டைமாடியில கிணறு ஒண்ணு இருக்குதாமே?” என்று ஆரம்பித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் எதிரில் யாரும் குரலைத் தணிக்கவில்லை. சிரித்தவர்களிடமே மூன்று குழி வீடு கேட்டேன். ஒருவர் இரண்டு குழி வீடு ஒன்று சொன்னார். இன்னொருவர் மூன்று குழி காட்டினார், ஆனால் மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறுமாம். போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

பிறகு தெருத்தெருவாக நானே இறங்கினேன். ஒரு வீட்டில் தறிமுன் ஒரு பெண் உட்கார்ந்து, சாம்பல் தொட்ட விரலால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பாவு பிணைப்பது அவள் தொழில். என் வயதுதான் இருக்கும். வீடு வீடாகப் போகிறவள். நான் கேட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

“மாடியில குழி காட்டினது நீதானா?”

“நான்தான். உனக்கு ஏதாவது வீடு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். எனக்கு இன்னா தருவே?”

“கமிஷன்ல கால் பங்கு.”

“பாதி” என்றாள், இழையை முறுக்கிக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்ட விதம் பிடித்திருந்தது. சரி என்றேன்.

“பின்தெருவுல ஒரு வீடு பூட்டிக் கிடக்குது பாரு. நீளக் கூடம். அந்தம்மா மெட்ராஸ் போறப்ப மண்ணை ரொப்பி டைல்ஸ் ஒட்டிட்டாங்க. அதுக்குக் கீழ மூணு குழி இருக்குது. சின்ன வயசுல மூணுலயும் நான் பாவு பிணைச்சிருக்கேன். ஒரு மழைக்கும் தண்ணி ஊறுனதில்ல. சாவி யார்கிட்ட இருக்குதோ தெரியல.”

நான் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக் காட்டினேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். “இதுக்கா பாதி கேட்டேன்! முழுசா கேட்டிருக்கணும்” என்றாள்.

அன்று மாலையே வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் ஒரே கூச்சல். “ஒட்டின டைல்ஸை எவளாவது ஒடைக்கச் சொல்லுவாளா? எவ்ளோ ஆசையா போட்டேன்!”

“அம்மா, இத்தனை மாசமா டைல்ஸை எல்லாரும் பாத்தாங்க, ஒருத்தரும் குடிவரலை. குழிக்கு ஒரு குடும்பமே காத்துக்கினு இருக்குது” என்றேன். ஆரணிக் கதையையும் சொன்னேன். காலி செய்யும்போது தரையைப் பழையபடி செய்து கொடுக்கப் பேசி முடிப்பது என் பொறுப்பு என்றேன்.

கூச்சல் தணிந்தது. “அந்தப் பொண்ணு நெய்ஞ்சதை நீ பாத்திருக்கியா?” என்று கேட்டார்.

“இல்லமா. ஆனா அவளுக்காக மாமியாரே வீடு தேடுறாங்க.”

“அப்ப நல்லாத்தான் நெய்வா. நான் வர்ற வரைக்கும் ஒடைக்காதீங்க” என்றார்.

வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொத்தனார் தட்டும் ஒவ்வொரு டைலுக்கும் “ஐயோ, மெதுவாப்பா” என்றார். நெசவாளரும் அவர் மனைவியும் வாசற்படியில் நின்றார்கள். பாவு தீர இன்னும் அரை முழம்தான் இருந்தது. முதல் குழி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் கெட்டித் தரைதான் இருந்தது. டைல் மேல் டைலாக உடைத்தும் கடப்பாரை ‘ணங்’ என்றே சொன்னது. நான் பாவு பிணைக்கிறவளை முறைத்தேன். அவளும் வெளுத்துப்போயிருந்தாள். நெசவாளர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கார அம்மா எழுந்தார். “தள்ளுங்க. அது என் தறி. நான் சன்னல் வெளிச்சத்துக்குன்னு இந்தாண்ட போட்டிருந்தேன்” என்று நாற்காலியை நகர்த்தினார். அவ்வளவு நேரமும் அவர் நாற்காலி போட்டிருந்தது அந்தக் குழிக்கு மேலேதான். கொத்தனார் அங்கே தட்டினார். கடப்பாரை மண்ணில் இறங்கியது. நான் என்னை அறியாமல் கை தட்டினேன்.

பாவு தீர்ந்ததும் தறிகள் வந்தன. நல்ல நாள் பார்த்துக் குடியேறினார்கள். ஆரணியிலிருந்து மருமகள் வந்த மறுநாள் காலை நான் போயிருந்தேன். பாவு பிணைக்கிறவள் சன்னலோரத் தறியில் கடைசி இழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். குள்ளமான பெண் அந்த மருமகள். குழி விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். பாதம் மிதிகட்டைக்கு எட்டவில்லை. மாமியார் முட்டி வலியை மறந்து ஓடிப்போய்க் கட்டையை ஏற்றிக் கட்டினார். அவள் ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

“எட்டுது அத்தே” என்றாள்.

டீக்கடையில் இப்போது எனக்கும் பார்ட்டி சொல்கிறார்கள். குழியம்மா என்றால்தான் அங்கே ஆளைத் தெரியும். அடுத்த முறை கார்டு அடித்தபோது அந்தத் தங்க எழுத்தை எடுத்துவிட்டு ‘வீடு, மனை, தறிக்குழி’ என்று போட்டேன். வீட்டுக்காரர் அதற்கும் சிரித்தார், சிரிக்கட்டும்.

மருமகள் தறியில் உட்கார்ந்த அந்தக் காலையில் மகன் சாப்பாட்டுப் பையும் கையுமாக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. அவன் நகரவில்லை. சன்னலோரத் தறி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பஸ் இன்னொரு முறை ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் தறியோரம் உட்கார்ந்தான்.