பெர்னார்ட் அண்ணன் கிட்டாருக்கு ஒரு குண்டு பல்பு

போன வாரம் குன்னூர் பஜாரில் ஒரு குண்டு பல்புக்காக நான் அலைந்த அலைச்சலைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஏறி இறங்கிய கடையில் எல்லாம் எல்.இ.டி.யைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கடைசிக் கடைக்காரர் பொறுமைசாலி. ஒரு பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டே காட்டினார்.

"எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருங்க. கரண்டு பில்லும் கம்மிங்க."

"எனக்கு வெளிச்சம் வேண்டாங்க. சூடுதான் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோழிக்குஞ்சு வளக்கறீங்களாம்மா?"

"இல்லீங்க. கிட்டார் வளக்கறேன்."

நீங்கள் கீழே சமவெளியில் இருப்பவர் என்றால் இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் மலையில் மழைக்காலம் பிடித்துவிட்டால் பீரோவுக்குள் பூசணம் பூக்கும். செருப்பு, பெல்ட், பட்டுச்சேலை, பைபிள் அட்டை, எதையும் விடாது. அதனால் அலமாரியின் அடித்தட்டில் நாற்பது வாட் பல்பு ஒன்றை எந்நேரமும் எரிய விடுவது எங்கள் வீட்டு வழக்கம். என் கல்யாணப் பட்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. பல்பு அலமாரியில் இருப்பவை என் இரண்டு கிட்டார்கள். இரண்டுமே மேடையில் வாசித்துப் பிழைத்தவருடையவை. நான் சும்மா பிழைப்புக்கு டைப் அடித்தவள்.

அலமாரியைத் திறந்தால் முதலில் வருவது வாசனைதான். பழைய வார்னிஷ், கொஞ்சம் தலைக்கு வைக்கிற கிரீம், அதற்கடியில் மெலிதாக சிகரெட். பெரிய கிட்டாரின் தலைப்பக்கம், தந்தியின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு சின்னக் கருகல் உண்டு. வாசிக்கும்போது எரிகிற சிகரெட்டை அந்த நுனியில் குத்தி வைத்துவிட்டு, பாட்டு முடிந்ததும் எடுத்து ஒரு இழுப்பு இழுப்பாராம் அதை முன்பு வைத்திருந்த பெர்னார்ட் அண்ணன். எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர் நான் அதைக் கோயிலுக்கு எடுத்துப்போன முதல் நாளே மோப்பம் பிடித்துவிட்டார். "கோயிலுக்குள்ள இது என்னம்மா வாசனை?" என்றார். சாம்பிராணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

பெர்னார்ட் அண்ணன் ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலின் பேண்டில் இருந்தார். சீசன் இரண்டு மாதமும் இரவெல்லாம் நடன விருந்து. வெள்ளைக் கோட்டு, கறுப்பு போ டை, எண்ணெய் மின்னும் தலை. டிசம்பரில் அந்த பேண்டை கட்டபெட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட் கிளப்புக்கும் கூப்பிடுவார்கள். அப்பா எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க், நான் அதே ஆபீசில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். ஸ்டாஃப் குடும்பங்கள் எல்லாம் சுவரோரம் நிற்போம். மற்றவர்கள் துரைமார் ஆடுவதை வேடிக்கை பார்த்தார்கள். நான் அந்த மனிதரின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கேக் கொடுத்தார்கள் என்பதே வீட்டுக்கு வந்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் ஓட்டலில் கேசட் வந்தது. கேசட்டுக்குச் சாப்பாடு போட வேண்டாம், கோட்டு தைத்துத் தர வேண்டாம். பேண்டைக் கலைத்துவிட்டார்கள். அண்ணன் குன்னூரில் மச்சானுடைய பேக்கரியில் உட்கார்ந்து வர்க்கி பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். கிட்டாரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கைக்கு வந்த சீட்டுப் பணத்தோடு ஓடினேன்.

"விக்கறேன் புள்ள. ஆனா ஒரு நிபந்தனை. நான் எப்ப உங்க ஊட்டுக்கு வந்து கேட்டாலும் ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டோணும்."

"சரீங்கண்ணா."

"மழைக்காலத்துல பல்புச் சூட்டுல வைக்கோணும். தொட்டா வெதுவெதுன்னு இருந்தாப் போதும். கருவாடு காயப்போடற மாதிரி கிட்ட வச்சுறாத."

கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிற தகப்பன் போலத்தான் வந்தார். கையில் ஒரு பொட்டலம் வர்க்கி. வந்ததும் நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார். துண்டில் துடைப்பார். கிட்டாரை வாங்கிப் பின்பக்கம், முன்பக்கம், இடுக்கு எல்லாம் பார்ப்பார். பூசணம் இல்லை என்று திருப்தியான பிறகு என்னிடம் நீட்டி, "எங்க, ஒண்ணு வாசி பாக்கலாம்" என்பார்.

முதல் தடவை வந்தபோது நான் ஏதோ ஒரு கீர்த்தனையைத் தட்டுத் தடுமாறி வாசித்தேன். அவர் முகம் போன போக்கு சரியில்லை. என் வாசிப்பு அவ்வளவு மோசமா என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"ஏம் புள்ள, நீ சாப்பிடறது எந்தக் கையில?"

"சோத்துக்கையிலதாங்கண்ணா."

"எழுதறது?"

"அதுவுந்தான்."

"அப்புறம் எதுக்கு இதைப் பீச்சாங்கைப் பக்கம் புடிச்சு வாசிக்கறே?"

"நீங்க அப்படித்தான புடிச்சீங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அண்ணன் இடக்கைக்காரர். தந்திகளை எல்லாம் இடக்கைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டி, அவை உட்காரும் காடிகளையும் புதிதாக வெட்டி வைத்திருந்தார். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் கிட்டத்தில் பார்த்த ஒரே கிட்டார்க்காரர் அவர்தான். அவர் பிடித்தபடி நானும் பிடித்து, விரல் நுனி காய்த்துப் போகும்வரை பழகிவிட்டேன். இனி வேறு எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும் எனக்கு அது தலைகீழ். நம் சாமர்த்தியம் அப்படி!

சபையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. "பீச்சாங்கையால சாமி பாட்டு வாசிக்கலாமா?" என்று பாடகர் குழுத் தலைவர் கேட்டார். அதைவிடக் கொடுமை, அம்மாவே அவர் கட்சி. "அந்தக் கையை வச்சு நாம என்ன பண்றோம்னு ஊருக்கே தெரியும். அதை வச்சு ஆண்டவரைப் பாடறியா?" என்பாள். நான் விடவில்லை. வாரா வாரம் போய் மூலையில் உட்கார்ந்து வாசித்தேன். கடைசியில் அவர்களுக்கே சலித்துப்போய், அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் நான் மட்டும் தனியாக ஒரு பாட்டு வாசிக்கலாம் என்றார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

அப்போதுதான் பண்டிகைக்கு முன்னால், ஒரு கொட்டுகிற மழையில் பெர்னார்ட் அண்ணன் வந்தார். வர்க்கிப் பொட்டலம் இல்லை. கை கழுவினார், துடைத்தார், திரும்பவும் போய்க் கழுவினார். கிட்டாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாரே தவிர, வாசி என்று சொல்லவில்லை. தேயிலை விலை, பஸ் லேட், மச்சானின் சர்க்கரை வியாதி என்று எதையெதையோ பேசினார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "அண்ணன் ஏதோ சொல்ல வந்து முழுங்கறாரு. என்னன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். கோவளத்தில் கடலோரம் ஒரு ஓட்டலில் பேண்டு போடுகிறார்களாம். பழைய கூட்டாளி ஒருவர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த வாரமே போய்ச் சேர வேண்டும். கோயம்புத்தூர் போய் ஒரு புதுக் கிட்டாரைப் பார்த்து, தந்தியை மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறார். சுருதியே நிற்கவில்லை.

"அதனால போகலைன்னு சொல்லிட்டேன் புள்ள. வர்க்கி கட்டறதும் நல்ல வேலைதான்."

எனக்கு வந்ததே கோபம்! உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது அழுகை. எனக்கும் இது ஒன்றுதான் வாசிக்க வரும், அவருக்கும் இது ஒன்றுதான். பண்டிகை கண்முன்னால் நிற்கிறது. ஆனால் இந்த விரல்கள் பேக்கரியில் சணல் முடிந்துகொண்டிருக்க, நான் மூன்று நிமிடம் வாசித்துப் பேர் வாங்குவதா?

"கேக்கறதுக்கு வாய் இல்லீங்களா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒரு நிபந்தனை. நான் எப்ப வந்து கேட்டாலும் ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டோணும்."

அவர் எழுந்து மறுபடியும் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாகக் குவிந்த காலிஃபிளவருக்கும் கேரட்டுக்கும் பின்னால் நின்று எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பாட்டுப் புத்தகத்தின் முதுகில் விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். லீவு போட்டு அம்மாவும் நானும் போனோம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு நிபந்தனையை விடலாமா? கோவளத்துக்கு பஸ் ஏறினோம். அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போனாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். அந்த வெயிலில், அந்தக் கடற்கரையில், பச்சை ஸ்வெட்டரும் மப்ளருமாக இறங்கினாள். ஓட்டல் வாட்ச்மேன் எங்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "பேண்டுல இருக்கற பெர்னார்டைக் கூப்பிடுங்க, குன்னூர்க்காரங்க பாட்டுக் கேக்க வந்திருக்கோம்னு சொல்லுங்க" என்றேன் அதிகாரமாக.

வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தார் மனிதர். வெயிலில் கறுத்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். எங்களை உள்ளே கூட்டிப்போய், ஜட்டியும் தொப்பியுமாக உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். மேனேஜர் முறைத்தார். அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ன வாசிக்கட்டும்?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அம்மா தன் தகப்பனார் இறந்த அன்று பாடிய ஞானப்பாட்டைச் சொன்னாள்.

வாசித்தார் பாருங்கள். நான் அத்தனை மாதம் அடித்துத் துவைத்த கிட்டாரா இது என்று இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அம்மா மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காதில் சொன்னாள்: "ஆண்டவர் காதுலதான கேக்கறாரு, கையையா பாக்கறாரு?"

அதை ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாளே, அதுவே போதும்.

பல வருடம் கழித்து அண்ணன் ஊருக்கே திரும்பி வந்தார். கூடவே இரண்டு கிட்டார்கள். பழையது ஒன்று, அங்கே கூட வாசித்த இன்னொருவர் ஊரைவிட்டுப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒன்று. அதையும் இடக்கைக்கு மாற்றி வைத்திருந்தார். "என்ற ஊட்டுல ஓதம் ஜாஸ்தி. ரெண்டும் உன்ற பல்புலயே கெடக்கட்டும். நான் வந்து வாசிச்சுக்கறேன்" என்றார். வந்தார். பெரியதை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் சின்னதை எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு வாசிப்போம். என் வீட்டுக்காரர் எங்களை இடக்கைச் சங்கம் என்று கூப்பிடுவார், டீ மட்டும் ஒழுங்காகப் போட்டுத் தருவார்.

இப்போது அந்த ஊட்டி ஓட்டலின் நடன அறையில் பஃபே போடுகிறார்கள். எஸ்டேட் கிளப் பூட்டிக் கிடக்கிறது. மச்சானின் பேக்கரி செல்போன் கடை ஆகிவிட்டது. அம்மா இல்லை. பெர்னார்ட் அண்ணன் போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று அவர் வீட்டு முற்றத்தில் பெரியதை வைத்து அந்த ஞானப்பாட்டை வாசித்தேன். அவர் கேட்கவில்லை, இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதானே.

பல்பு கிடைத்துவிட்டது. அந்தக் கடைக்காரர் நிஜமாகவே ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். நேற்று மாட்டினேன். அலமாரி பழையபடி வெதுவெதுப்பாகிவிட்டது, வாசனையும் திரும்ப வந்துவிட்டது. பல்பையாவது நாலு கடை ஏறிக் கேட்டு வாங்கிவிடலாம். கேட்டைத் திறந்துகொண்டு வந்து, கையைக் கழுவிவிட்டு, "எங்க, ஒண்ணு வாசி பாக்கலாம்" என்று சொல்கிற ஆளை எந்தக் கடையில் போய்க் கேட்பேன்? அதனால் இப்போதெல்லாம் நானே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறேன். துண்டில் துடைத்துக்கொண்டு, சின்னதை அவர் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்று வாசிக்கிறேன்.