பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

என் தாய்மாமா எங்கள் வீட்டுக்குள் நுழைவதென்றால் வாசலில் சற்று ஒருக்களித்துத்தான் வரவேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் அவர் தண்டல், அதாவது தோணியின் தலைவர். கடலில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர், கரைக்கு வந்தால் என்னை முதுகில் ஏற்றித் திரியும் யானை. அவரைவிட எனக்கு வேண்டியவர் யாரும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா நிறைமாதமாக இருந்தாள். மாமா ரேடியோவில் கேட்ட சமாச்சாரம் ஒன்றைச் சாப்பாட்டுக்கு நடுவே எடுத்துவிட்டார்.

“ஏளா, நட்சத்திரத்துக்கும் சாவு உண்டு. ரொம்பப் பெருசா இருக்கது வெடிச்சுத்தான் சாகும். அது தள்ளுத தள்ளுல, பக்கத்துல சும்மா கெடக்க மேகம் இறுகி, புதுசா நட்சத்திரம் பொறக்குமாம்.”

“பெருசு செத்தாத்தான் சிறுசு பொறக்குமா மாமா?”

“சில இடத்துல அப்படித்தானாம்” என்றபடி இன்னொரு மீன் துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். வீட்டில் ஒரு சிறுசு பிறக்கப்போகிறது. பெருசு யார் என்று கேட்கவா வேண்டும்? அன்றிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தேன். மறுசோறு கேட்டால் வெடித்துவிடுவாரோ என்று பயந்து சட்டியை ஒளித்துவைத்தேன். “கடல்ல எல்லாரையும் அதட்டுதவன இவ அதட்டுதா பாரு” என்று அம்மா சிரித்தாள்.

ஒரு காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மாதா படத்தடியிலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கடற்கரையில் சிலுவை நட்டிருக்கும் குருசடிக்கு ஓடினேன். அங்கிருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றிவைத்து வேண்டினேன். மாதாவே, பிள்ளை உள்ளேயே இருக்கட்டும்.

வேண்டுதல் பலித்துவிட்டது. உச்சிப்பொழுது தாண்டியும் பிள்ளை பிறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அம்மாவின் அலறல் தெருவரைக்கும் வந்தது. மருத்துவச்சி வெளியே வந்து, “பிள்ள இறங்க மாட்டேங்குதே, வண்டிக்குச் சொல்லுங்க” என்றாள். அப்பா கார் பிடிக்க ஓடினார். எல்லாம் என் வேலைதான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமா. மறுபடி குருசடிக்கு ஓடினேன். மாமாவை ஒருமுறை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அங்கேயே உட்கார்ந்து, செத்தவருக்கு அழுவது போல அவருக்காக அழுதேன்.

வெயில் சாயும்போது மணலில் மூச்சிரைக்க யாரோ ஓடிவந்தார்கள். மாமா!

“ஏளா, இங்கனயா இருக்க? ஒனக்குத் தம்பி பொறந்திருக்கான்!”

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். முழுசாக இருந்தது. “நீங்க சாவலையா மாமா?” என்று கேட்டு, நட்சத்திரம் முதல் மெழுகுவர்த்திவரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ஊரே கேட்கச் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். “பொழச்சுட்டா ஏளா, ஒங்கம்மா நல்லாருக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாவிலிருந்து தப்பிய சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, “இனிமே பயமில்ல மாமா” என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். உண்மையில் தப்பியது யார் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.