அருவியில் அவிழ்த்த கொண்டை

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் எனக்குக் காசநோய் வந்துவிட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அரை மணி நேரத்தில் குணமாகிவிட்டது.

பதறாதீர்கள். விவகாரம் நெஞ்சில் இல்லை... தலைமுடியில்.

என் தலை இப்போது இரண்டு நிறம் என்பது பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். உச்சியிலிருந்து காது வரை வெள்ளை. அதற்குக் கீழே கறுப்பு. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் எனக்கு நரைத்தது. என் வீட்டுக்காரரின் அக்காள் ஆவுடை மதினி, மதராஸிலிருந்து ஒரு சீசா தருவித்துக் கொடுத்தாள். சீமைச் சாயம். மாதம் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, கிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பூச வேண்டும். காதோரம் புண்ணாகும். ஒரு வாரம் எரியும். பதினேழு வருஷம் பூசினேன்!

சீமையில் சண்டை மூண்டது. கப்பல் நின்றது, சீசாவும் நின்றது. கடைத்தெருவில் ஏதோ உள்ளூர்ச் சரக்கு கிடைத்தது, வாங்கிப் பூசினேன். மறுநாள் சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. தலையில் மிஞ்சியது தேங்காய் நார். டப்பாவைக் குப்பைக் குழியில் எறிந்தேன். இனிமேல் என் முடி அதன் இஷ்டத்துக்கு வளரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நரையோடு வாழ்வது சுலபம். வறட்சியோடு வாழ்வதுதான் பெரும்பாடு. இதைப் பற்றி முன்பு இங்கே எழுதியதும் கடிதங்கள் வந்தன. ஒரு சகோதரி விளக்கெண்ணெய் என்றார். தேய்த்துப் படுத்தேன், காலையில் தலையணையும் கூடவே எழுந்து வந்தது. இன்னொரு கனவான், 'முக்காடு போட்டுக்கொள்ளுங்கள் அம்மணி, ஒருவருக்கும் தெரியாது' என்று எழுதியிருந்தார். ஐயா, காய்ந்து கிடப்பது என் தலை. உங்கள் கண்ணுக்கா நான் வைத்தியம் கேட்டேன்?

கடைசியில் நானாகத்தான் வழி கண்டுபிடித்தேன். சீயக்காய் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். மற்ற நாளில் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பில் அலசல். அலசுவதற்கு முன்னால் தேங்காய்ப்பாலைத் தலையில் தேய்த்து நன்றாக ஊறவிடுவேன். ஈரத்தலையில் சீப்பு படக்கூடாது — விரல்தான். சாயம் பட்ட நுனியை மாதம் ஒரு விரற்கடை கத்தரித்துவிடுகிறேன். சுமங்கலி தலையில் கத்தரியா என்று தெருவே கேட்டது. ஆமாம், கத்தரிதான். நாலு மாதத்தில் நார் மறுபடியும் முடியாயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் செண்பகத்துக்கு வீரகேரளம்புதூரிலிருந்து வரன் வந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கச் சாரல் காலம் மாதிரி வசதி கிடையாது. இரண்டு வீட்டாரும் குளிக்க வந்தது போலக் குற்றாலத்துக்கு வந்துவிடலாம். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் குளித்த லாபம்.

மதினி என்னையும் என் வீட்டுக்காரரையும் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன் தலையப் பாத்தா, பிள்ளைக்கும் நாளைக்கு இளநரைதான்னு எந்திரிச்சுப் போயிருவாவ. நீ அறைக்குள்ளயே இரு. ஜலதோஷம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"ஒரு நாள்தானே..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சம்மதித்தேன். காரணம் உண்டு. செண்பகத்தின் வகிட்டோரம் ஏற்கெனவே நாலு நரை இருக்கிறது. அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். வாரத்துக்கு வாரம் இங்கே வீரம் பேசுகிறவள், பெற்ற மகளின் கல்யாணம் என்றதும் பயந்துபோனேன்.

காலையில் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்திலேயே பெண் பார்க்கும் படலம் அமர்க்களமாக முடிந்தது. நான் உள்ளறைக் கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. கோட்டு, கறுப்புக் குல்லாய். "என்ன உத்தியோகக் களை!" என்று மதினிக்குப் பூரிப்பு. பிறகு எல்லாரும் பேரருவிக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. ஆபீஸ் காகிதம் ஏதோ எழுத வேண்டுமாம்.

மதினி ஒன்றை மறந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஜலதோஷம் பிடித்தவர்களைத்தான் முதலில் அருவிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்! சாரலில் நின்றால் சளி பறந்துவிடும் என்று நம்புகிற ஜனங்கள் நாங்கள். குற்றாலத்துக்கு வந்தும் குளிக்காமல் அறையில் கிடக்கிற பெண்பிள்ளைக்கு வெறும் ஜலதோஷம் என்றால் யார் நம்புவார்கள்?

செண்பகம் ஈரச்சேலையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, ஒனக்குக் காசம்னு பேசுதாவ! அத்தை ஜலதோஷம்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேங்காவ. அவுக அம்மை மூட்டையக் கட்டச் சொல்லியாச்சு."

வேடிக்கையைப் பாருங்கள். நரையை மறைக்கப் போய் நோயாளி ஆகிவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரம் மதினி மேல் இல்லை, என் மேல்தான். இன்றைக்கு நான் ஒளிந்தால், நாளைக்கு இவளும் புருஷன் வீட்டில் மாதம் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, காதோரம் எரிய எரிய உட்கார்ந்திருப்பாள். அதற்கு வழி காட்டிக் கொடுத்தவள் நானாக இருப்பேன். முடியாது!

நேரே அருவிக்கு நடந்தேன். பெண்கள் பக்கம் போய்க் கொண்டையை அவிழ்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக முதுகில் விழுந்தது. அருவிக்கு நடுவில் போய், தலையில் மொத்தத் தண்ணீரும் விழும்படி நின்றேன். நன்றாக, ஆசை தீர.

வெளியே வந்தால் அத்தனை கண்ணும் என் தலையில். மாப்பிள்ளையின் தாயார் முன்னாலேயே நின்றாள்.

"எனக்குக் காசமும் இல்ல, ஜலதோஷமும் இல்ல" என்றேன். "நரைதான். இருபத்தஞ்சு வயசுல வந்தது. எம் மகளுக்கும் வகிட்டுப் பக்கம் நாலு இருக்கு. சந்தேகம்னா எண்ணிப் பாத்துக்கிடுங்க."

மதினி பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செண்பகம் மட்டும் தலை குனியவில்லை.

அந்த அம்மாள் கிட்டே வந்தாள். என் முடியைக் கையில் எடுத்தாள். பிழிந்தாள், நீவிப் பார்த்தாள், நுனியை விரலால் தேய்த்தாள். அவள் ரகசியமாகத்தான் கேட்க நினைத்தாள் போலும். அருவி இரைச்சலில் ரகசியம் எடுபடுமா? இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை கத்தினாள்.

"வறட்சிக்கு என்ன தேய்க்கிய?"

"உங்களுக்கா?"

"எனக்கில்ல, எம் மவனுக்கு! சாயச் சீசா கெடைக்கலைன்னு கடைச் சரக்கப் பூசி, தலையெல்லாம் நாராப் போச்சு. ராத்திரி கூட அந்தக் குல்லாயக் கழட்ட மாட்டேங்கான்!"

பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்டது. ஆண்கள் பக்கமும் கேட்டிருக்கும்.

செம்பருத்தி இலையும் தேங்காய்ப்பாலும் எப்படி, எவ்வளவு என்று அங்கேயே ஈரத்தோடு நின்று சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணிக்கொண்டாள். கட்டச் சொன்ன மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். மதினிக்கு உயிர் வந்துவிட்டது. "பெறகென்ன! கல்யாணத்துக்கு மட்டும் எல்லாரும் ஒரு பூச்சு பூசிக்கிடலாம்" என்றாள்.

"யாரும் ஒண்ணும் பூச வேண்டாம் அத்தை" என்றாள் செண்பகம். "அவுகள வார ஞாயித்துக்கிழமை குல்லாய் இல்லாம அருவிக்கு வரச் சொல்லுங்க. பாத்துட்டு எனக்குச் சம்மதமான்னு சொல்லுதேன்."

நேற்று வீரகேரளம்புதூரிலிருந்து கடுதாசி வந்தது. குல்லாயை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாராம். செம்பருத்தி இலை மட்டும் பெண் வீட்டார் கொண்டுவர வேண்டுமாம்.