சிவப்புக் காயை நகர்த்துவது யார்?

மாற்றுச்சாவி வெட்டுகிறவருக்கு யாரையும் நம்ப வராது. சோப்பில் பதித்த அச்சோடு வருகிறவர்களைப் படியேறவே விடமாட்டார். அசல் சாவியையே நீட்டினாலும், அரத்தைத் தொடுமுன் முகத்தை ஒருமுறை பார்த்து, "வீடு உங்களுதுதானா?" என்பார். தெருவில் அவருக்குப் 'புலனாய்வு' என்று பெயர். கடைக்கு மேல் அறையில் நான் குடியிருப்பது தெரிந்தும், என் அறைக்கு இன்னொரு சாவி தர ஒரு வாரம் இழுத்தடித்தார்.

அப்பேர்ப்பட்டவர் சாயங்காலமானால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனில் லூடோ ஆடுவார். எதிரே வெளிநாட்டில் மகனோடு இருக்கும் அவருடைய அக்கா. சிறுவயதில் அட்டையில் ஆடிய அதே ஆட்டம், அதே நிறங்கள்: அக்காவுக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை. "அந்த அட்டை நடுவுல கிழிஞ்சு ஒட்டுப் போட்டிருக்கும். ஒட்டுல பகடை தடுக்குச்சுன்னா ஒரே சண்டை. போன்ல சண்டை போடக்கூட இடமில்ல தம்பி," என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஒருநாள்கூட விட்டதில்லை.

ஒருநாள் மாடியேறி வந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க. எதிர்ல ஆடறது எங்க அக்கா இல்ல."

"பின்ன யாருண்ணே?"

"அதத்தான் கேக்கறேன். அவ ஒவ்வொரு கட்டமா வாய்விட்டு எண்ணிட்டுதான் நகத்துவா. இது சட்டு சட்டுனு ஓடுது. காய் உள்ள போனதும் 'பழுத்துடுச்சுடா'ன்னு மெசேஜ் போடுவா. இப்ப காய் பழுக்குது, ஆளக் காணோம்."

"உங்க மருமகன் ஆடறாரோ?"

"அவனா? மாமாகிட்டப் பேசவே அவனுக்கு நேரமில்ல!"

போனை வாங்கிப் பார்த்தேன். சிவப்பின் மேல் சின்ன ரோபோ தலை ஒன்று இருந்தது.

"அண்ணே, ஆள் தொடாம விட்டா மிஷினே ஆடிக்கும்."

"அப்ப இந்த டப்பாகிட்டயா நான் தோத்துட்டிருந்தேன்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னை ஒப்பேத்தறா தம்பி. நான் வேணாம்னு ஆயிட்டேன்."

மறுநாள் ஒரு அட்டை லூடோ வாங்கிவந்தார். சாவித்தூளை ஊதிவிட்டு மேசையில் விரித்தார். முன்கூட்டிச் சொல்லாமல் அக்காவை அழைத்தார். என்னைச் சாட்சிக்கு நிற்கச் சொல்லியிருந்தார்.

"வீடியோவப் போடுக்கா."

"எதுக்குடா? தலைகூட சீவல."

"போடுன்னா போடு."

படம் வந்தது. அக்காவின் தலையில் வலைத்தொப்பி. பின்னால் வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்க?"

"வேலைலடா. ஓட்டல் துணி மடிக்கறேன்."

"வேலைய விட்டுட்டேன்னு சொன்னியே?"

"விட்டேன். வீட்ல ஆளுக்கொரு மூலைல ஆளுக்கொரு போன். சுவரோட எவ்வளவு நேரம் பேசறது? திரும்ப வந்து சேந்துட்டேன். சொன்னா நீ தோண்டித் துருவுவ."

"உன் மகன் உன்னை விரட்டினானா?"

"பாத்தியா! இதுக்குதான் சொல்லல." மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தார். "ஷிப்ட் மாத்திட்டாங்க. நான் வரலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அதான் ஆட்டத்தத் திறந்து போனை இங்க சாய்ச்சு வச்சுடுவேன். அப்பப்ப எட்டிப் பாப்பேன், உன் பச்சை எங்க நிக்குதுன்னு."

சாவிக்காரர் தன் பச்சைக் காய்களை அட்டையில் வைத்தார். பிறகு சிவப்புக் காய்களையும் தானே எடுத்து அடுக்கினார்.

"சரி, நீ மடி. உனக்கும் சேத்து நானே உருட்டறேன்."

உருட்டினார். எண்களைச் சத்தமாகச் சொன்னார். அங்கே கைகள் மடித்துக்கொண்டே இருந்தன. "உனக்கு மூணு... எனக்கு ஆறு... உனக்கு ஒண்ணு... எனக்கு ஆறு..."

பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு அக்கா திரைக்கருகே வந்தார்.

"டேய், அதென்ன உனக்கு மட்டும் ஆறா விழுது?"

"விழுதுக்கா. நான் என்ன பண்ண?"

"போனைத் திருப்பு. பகடையக் காட்டு."

திருப்பினார்.

"இன்னும் கிட்ட," என்றார் அக்கா.